மைதானத்தை விட்டுப் போகலாமா?



சென்ற தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஒருநாள் மாலை, நுவரெலியா மாவட்டத்துச் சிறு நகரமொன்றிலிருந்து நான்கு இளைஞர்கள் என்னைக் காண வந்தார்கள். அங்குள்ள உதைபந்தாட்டக் கழகம் ஒன்றைச் சேர்ந்தவர்கள். காலிற் பூசிய சேறு இன்னும் காயவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு அவர்கள் கேட்ட கேள்வி இது: “சேர், நாங்கள் அந்த மைதானத்தை விட்டுப் போய்விடலாமா?”

மைதானத்தின் பெயரைச் சொல்வது இங்கு அவசியமன்று. மலைநாட்டு நகரங்கள் பலவற்றுக்கும் பொருந்துகின்ற கதை அது. தோட்டத்துரைமார் காலத்திலே மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்த நிலம். அதன் நடுவிலே கிரிக்கட் ஆடுவதற்கான சீமெந்துத் தளம். சனிக்கிழமைகளில் அது பாடசாலைப் பிள்ளைகளுக்கு, ஞாயிறு காலையிற் கிரிக்கட்காரருக்கு, ஞாயிறு மாலையில் உதைபந்தாட்டக்காரருக்கு, மே மாதம் முதலாந் திகதி தொழிற்சங்கங்களுக்கு, சித்திரையிற் களியாட்டக்காரருக்கு. களியாட்டம் முடிந்து கூடாரங்களைப் பிடுங்கிச் சென்றபின் நிலத்தில் எஞ்சுகின்ற குழிகளும் ஆணிகளும் மறுபடி உதைபந்தாட்டக்காரருக்கு.

இளைஞர்களின் மனக்குறையில் நியாயம் இல்லாமலில்லை. நகரிலிருந்து 3 மைல் தொலைவிலே, தோட்டமொன்றிற் தேயிலை பிடுங்கப்பட்டுப் புல் மண்டிக் கிடக்கின்ற நிலம் இருக்கின்றதாம். துரையும் வாய்மொழியாகச் சம்மதித்துவிட்டாராம். சிரமதானம் செய்து சமப்படுத்திக்கொண்டால் சொந்தக் கம்பம், சொந்த வேலி, வாயிலிலே கழகத்தின் பெயர்ப்பலகை. யாரிடமும் நேரங்கேட்டு நிற்கவேண்டியதில்லை. கேட்ட மாத்திரத்தில் “நல்லது, போங்கள்” என்று சொல்லத்தான் எனக்குந் தோன்றியது. ஆனாற் சொல்லவில்லை. இரண்டு வாரம் பொறுத்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். அந்த இரண்டு வாரத்திலும் நான் எண்ணிப் பார்த்தவற்றையே இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

ஒரே நிலத்தை இரண்டு ஆட்டங்கள் பங்குபோடுவதிலுள்ள சிக்கலை முதலிற் சொல்லிவிட வேண்டும். கிரிக்கட்டில் எல்லாம் 22 யார் நீளமுள்ள ஓர் ஒடுங்கிய பாத்தியைச் சுற்றியே நடைபெறுகின்றது. அந்தப் பாத்தி இறுகி, மட்டமாய், உலர்ந்து இருத்தல் வேண்டும். உதைபந்தாட்டத்துக்கோ, சர்வதேசப் போட்டியாயின், 100 முதல் 110 மீற்றர் நீளமும் 64 முதல் 75 மீற்றர் அகலமுமுள்ள புல்வெளி வேண்டும். கிரிக்கட்காரர் கண்போலக் காக்கின்ற பாத்தி உதைபந்தாட்டக்காரரின் நடுக்களத்திலே வந்து கிடக்கும். ஈரநிலத்தில் ஆணிச் சப்பாத்துகள் மிதிக்கும்போது கிரிக்கட்காரருக்கு நெஞ்சு பதைக்கின்றது. சீமெந்திலே முழங்கால் தேய விழுந்த உதைபந்தாட்டக்காரனுக்குப் பதைப்பது நெஞ்சு மட்டுமன்று.

ஆயினும் இவ்விடயத்தில் மலைநாட்டுக்கு வானம் ஓர் உபகாரம் செய்திருக்கின்றது. அட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கங்களில் மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை விடாது பெய்யும். தை, மாசி, பங்குனியில் நிலம் உலரும். மழையில் ஆடமுடியாதது கிரிக்கட். மழையிலும் ஆடக்கூடியது உதைபந்தாட்டம். ஆண்டை இரண்டாய் வகிர்ந்து ஆளுக்கொரு பாதி என்று வைத்துக்கொண்டாற் சண்டையிற் பெரும்பகுதி இல்லாமற் போய்விடும். வானம் எழுதித் தந்த இந்த அட்டவணையை நாம் ஒருபோதும் ஏட்டில் எழுதி ஒட்டவில்லை என்பதே குறை.

இந்தக் கேள்வி நமது சிறு நகரத்துக்கு மட்டும் உரியதன்று. உலகத்திலே இதற்குப் பெயர்போன இடம் இத்தாலி நாட்டு மிலான் நகரம். அங்கே 1899 இல் ஆங்கிலேயர் முன்னின்று தொடங்கிய மிலான் கழகம் ஒன்று. அந்நியநாட்டு ஆட்டக்காரரைச் சேர்ப்பதா என்ற பிணக்கினால் 1908 இல் அதிலிருந்து பிரிந்து சென்றவர்கள் அமைத்த இன்டர் கழகம் மற்றொன்று. 1926 செப்டெம்பர் 19 ஆந் திகதி, சான் சீரோ என்னும் பகுதியிலே மிலான் கழகத் தலைவர் பியேரோ பிரெல்லி கட்டுவித்த விளையாட்டரங்கு திறக்கப்பட்டது. திறப்புவிழா ஆட்டத்திலே புதுமனைக்காரராகிய மிலானை விருந்தினராக வந்த இன்டர் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தோற்கடித்தது வேறு கதை. 1935 இல் அரங்கு மாநகரசபையின் கைக்குச் சென்றது. 1947 இல் இன்டரும் அங்கே குடிபுகுந்தது. பங்காளிக் காய்ச்சல் பிடித்த இரண்டு கழகங்களும் அன்றுதொட்டு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து வந்திருக்கின்றன. 1980 இல் அரங்குக்குச் சூட்டப்பட்ட யூசெப்பே மியாட்சா என்னும் பெயருங்கூட இரண்டு கழகங்களுக்கும் ஆடிய ஒருவருடைய பெயரே.

இப்போது அந்த வீட்டையும் விட்டுப் போவதற்கு முடிவாகியிருக்கின்றது. 2019 இலேயே புதிய அரங்கு அமைக்கும் திட்டத்தை இருவரும் வெளியிட்டார்கள். இடையிலே தனித்தனியே போய்விடவும் முயன்றார்கள். மிலான் சான் டொனாட்டோவிலும், இன்டர் ரொட்சானோவிலும் நிலம் பார்த்தன. இரண்டும் நிறைவேறவில்லை. முடிவில் 2025 செப்டெம்பர் கடைசியில், நள்ளிரவு கடந்தும் நீடித்த மாநகரசபைக் கூட்டத்தில், 24 வாக்குகள் ஆதரவாகவும் 20 வாக்குகள் எதிராகவும் கிடைக்க, அரங்கையும் சூழவுள்ள நிலத்தையும் 197 மில்லியன் யூரோவுக்கு இரு கழகங்களுக்கும் விற்கத் தீர்மானமாயிற்று. அதே ஆண்டு நவம்பர் 5 ஆந் திகதி உறுதி முடிந்தது. ஏன் அத்தனை அவசரம் என்றால், அரங்கின் இரண்டாவது அடுக்கு 1955 இற் கட்டப்பட்டது. அதற்கு 70 வயது நிறைந்துவிட்டால் இத்தாலியச் சட்டப்படி பழம்பெருமைச் சின்னமாகிவிடும், பின்பு இடிப்பது அரிது. அந்த நாளுக்குச் சில தினங்கள் முன்பாக உறுதியிற் கையெழுத்திட்டார்கள். பழைய அரங்கின் பெரும்பகுதியை இடித்து, அருகிலேயே 71,500 பேர் அமரத்தக்க புதியதைக் கட்டுவது திட்டம்.

பழைய சுவர்களுக்காக அழுகின்றவர்களும் அந்த நகரில் உண்டு. அவர்கள் பக்கமே என் மனம் சாய்கின்றது என்பதை ஒளிப்பானேன்? ஆயினும் நமது இளைஞர்கள் கவனிக்கவேண்டியது வேறொன்று. கோடி கோடியாகப் பணம் புரளுகின்ற அந்த இரண்டு கழகங்களும் தனித்தனியே போக முயன்று, முடியாமற் திரும்பி வந்து, சேர்ந்தே போகின்றன. போவதும் ஊரைவிட்டன்று, பக்கத்து நிலத்துக்கு. அதுவும் உறுதிப்பத்திரம் கையில் வந்தபிறகு. வாய்மொழிச் சம்மதத்தை நம்பி ஒரு செங்கல்லையும் அவர்கள் அசைக்கவில்லை.

விட்டுப் போவதே சரியென்று ஆன இடமும் உண்டு. கல்கத்தாவின் ஈடன் கார்டன்ஸ் கிரிக்கட்டுக்குப் புகழ்பெற்ற அரங்கு. அந்நாளில் உதைபந்தாட்டத்தின் பெரும்போட்டிகளும் அங்கேயே நடைபெற்றன. 1977 இற் பெலே தமது கொஸ்மோஸ் அணியோடு வந்து மோகன் பகான் கழகத்துக்கு எதிராக ஆடியதும் அங்கேதான். 1980 ஆகஸ்ட் 16 ஆந் திகதி அதே அரங்கில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய லீக் ஆட்டத்தின்போது பார்வையாளரிடையே கலவரம் மூண்டு, நெரிசலில் 16 பேர் உயிரிழந்தார்கள். இன்றும் அந்த நாளைக் கல்கத்தாவில் உதைபந்தாட்ட அன்பர்கள் நினைவுகூருகின்றார்கள். 1984 இல் நகரின் கிழக்கே சோல்ட் லேக் அரங்கு திறக்கப்பட்டபின் பெரும்போட்டிகள் அங்கே சென்றன. 1997 ஜூலையில் இதே இரு கழகங்களும் அங்கே ஆடியபோது 1 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கூடினர் என்பது கணக்கு. பார்க்க வந்தவன் வீடு திரும்பமாட்டான் என்ற நிலை வந்துவிட்டால், பழைமை பற்றிய பேச்சுக்கே அங்கு இடமில்லை. நமது சிறு நகரத்து மைதானத்திலே அந்த அபாயம் இல்லை. இருப்பது சேறும் குழியுமே.

சென்னைக்கும் இதிலொரு பங்குண்டு. இன்று நேரு விளையாட்டரங்கு எனப்படுகின்ற அந்நாளைய கார்ப்பரேஷன் ஸ்டேடியத்திலேதான் 1956 இல் வினூ மன்காட்டும் பங்கஜ் ரோயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்தார்கள். 1965 வரை அங்கே டெஸ்ட் ஆட்டங்கள் நடைபெற்றன. பின்பு கிரிக்கட் சேப்பாக்கத்துக்குத் திரும்பிவிட்டது. உதைபந்தாட்டம் எங்கும் போகவில்லை. 2014 முதல் சென்னையின் எப்.சி. கழகத்துக்கு அதுவே சொந்தக் களமாக இருந்துவருகின்றது. கிரிக்கட் துணிந்து வெளியேறியது. ஏனெனில் அது போய்ச் சேரச் சேப்பாக்கம் இருந்தது.

நமது இளைஞர்களுக்கு ஒரு சேப்பாக்கம் இருக்கின்றதா? இங்கேதான் எனக்குத் தயக்கம் பிறந்தது.

அவர்கள் பார்த்துவைத்திருக்கின்ற நிலம் யாருடையது? 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தினால் தோட்டங்கள் அரசின் உடைமையாயின. 1992 முதல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டு, பின்பு நீண்டகாலக் குத்தகையும் எழுதப்பட்டது. ஆகவே நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, துரையோ கம்பனியின் உத்தியோகத்தர். அவர் நல்லவராகவே இருக்கட்டும். நாளை அவருக்கு மாற்றம் வந்தால், அடுத்து வருகின்றவர் “யார் உங்களுக்குச் சொன்னது?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்குக் காட்டுவதற்கு ஒரு துண்டுக் கடதாசி இல்லை. நான்கு வருடம் வியர்வை சிந்தி மட்டப்படுத்திய நிலத்தில் மறுபடி தேயிலைக் கன்று நடுவார்கள்.

நிலத்தின் தன்மையும் இருக்கின்றது. மலைநாட்டில் மைதானம் என்பது கிடைப்பதன்று, வெட்டி எடுப்பது. மேற்பக்கச் சரிவை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி இறுக்கி, மேலிருந்து வருகின்ற வெள்ளத்துக்குக் கான் அமைத்து, கீழே அணை கட்டவேண்டும். கான் தவறினால் கொட்டிய மண் மழையிலே நழுவும். கீழே லயங்கள் இருந்தால்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டுச் சரிவுகளை என்ன பாடு படுத்திற்று என்பதைக் கண்டவர்களுக்கு இதனை விரித்துச் சொல்லவேண்டியதில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதியின்றிச் சரிவை வெட்டுவது மண்வெட்டியும் உற்சாகமும் மட்டும் உள்ளவர்கள் செய்யத்தக்க காரியமன்று.

அணைக்கும் கானுக்கும் செலவிடப்போவது யார் என்பது அடுத்த கேள்வி. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33 ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டக் குடியிருப்புகளுக்குள்ளே பிரதேச சபை தன் பணத்தைத் தாராளமாகச் செலவிட முடியாதவாறு அது தடுத்துவந்தது. வாக்குப் போடுகின்ற மக்கள் தங்கள் வீதிக்கு ஒரு கூடை கல் போடும்படி கேட்கமுடியாத நிலை. 2018 இலேதான் அது திருத்தப்பட்டது. திருத்தப்பட்ட பின்னும், தோட்டத்து நிலமென்றாற் கம்பனியின் சம்மதம் முதலான நடைமுறைகள் இருந்தே தீரும். நகர மைதானமோ உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பிலுள்ளது. அதில் ஒரு குழியிருந்தால், “ஏன் மூடவில்லை?” என்று கேட்பதற்கு அந்த ஊரிலுள்ள எவனுக்கும் உரிமை உண்டு. இந்த உரிமையைச் சிறிதென்று எண்ணுகின்றவர் மலைநாட்டின் சரித்திரத்தை அறியாதவர்.

விட்டுப் போதல் என்னும் சொல்லை மலைநாட்டார் இலேசாகச் சொல்வதில்லை. 1948 இல் குடியுரிமையை இழந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நாம். 1964 அக்டோபர் 30 ஆந் திகதி செய்துகொள்ளப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதென்று எழுதப்பட்டது. எழுபதுகளிற் புகையிரத நிலையங்களில் டிரங்குப் பெட்டிகளோடு நின்ற குடும்பங்களைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றார்கள். ஒரு லயத்திலிருந்து ஐந்து குடும்பம் போனால், அந்தத் தோட்டத்துப் பதினொருவர் அணியும் அத்தோடு போயிற்று. தரவளையிலும் ரதல்லையிலும் துரைமாரின் கழகங்களுக்கு அழகான மைதானங்கள் இருந்தன. அவற்றின் உறுப்பினர் ஏட்டிலே தொழிலாளியின் பெயர் ஏறுவதற்கு வழியிருக்கவில்லை. நகரத்துப் பொது மைதானம் ஒன்றிலேதான் தோட்டத்துப் பையன் யாரிடமும் தொப்பியைக் கழற்றாமல் உள்ளே நுழைந்தான்.

அந்த மைதானங்கள் விளையாட்டோடு நிற்கவுமில்லை. அட்டன் டன்பார் மைதானத்திற் பந்துக்குக் கைதட்டியவர்கள் அங்கேயே மே தினத்தில் சம்பளத்துக்காகக் குரல் கொடுத்தார்கள். நோர்வூட் மைதானத்திலே 2017 மே 12 ஆந் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மலையக மக்கள் முன்னிலையில் உரையாற்றினார். மூன்று ஆண்டுகள் கழித்து 2020 மே 31 ஆந் திகதி, அமைச்சராயிருந்து காலமான ஆறுமுகன் தொண்டமானின் இறுதிக்கிரியைகள் அதே மைதானத்தில் நடைபெற்றன. உதைபந்தாட்டக்காரருக்கு இவையெல்லாம் தொல்லையாகத் தோன்றலாம். அன்றன்று பயிற்சி குழம்பிப்போனதும் மெய்யே. ஆனால் இப்படிப்பட்ட இடத்தில் ஆடுகின்ற கழகத்தை ஊர் அறியும். 3 மைலுக்கப்பால் வேலிக்குள்ளே ஆடுகின்ற கழகத்தை அதன் ஆட்டக்காரரின் தாய்மார் மட்டுமே அறிவர்.

குதிரைப்பந்தயக்காரர் கதையையும் நினைத்துப்பார்த்தேன். 1956 ஆம் ஆண்டோடு இலங்கையிற் பந்தயங்கள் நின்றுபோயின. கொழும்பிலே குதிரைகள் போன நிலத்துக்கு வேறு வேறு உபயோகங்கள் வந்துவிட்டன. இன்று அங்கே றகர் மைதானமும் கடைத்தொகுதியும் இருக்கின்றன, குதிரை திரும்பவேயில்லை. நுவரெலியாவில் 1875 இல் அமைந்த பந்தயத்திடல் திடலாகவே இருந்தபடியால் 1981 இற் குதிரைகள் திரும்பி வந்தன. நகரின் நடுவிலுள்ள சமநிலத்துக்கு எந்த ஊரிலும் பத்துப்பேர் காத்திருப்பார்கள். உதைபந்தாட்டக்காரர் வெளியேறிய மறுவருடமே அவர்களுடைய கோல்கம்பம் நின்ற மூலையிலே வாகனத் தரிப்பிடம் வந்தாலும் நான் வியப்படையமாட்டேன்.

நான் முதலில் எண்ணாத ஒன்றை என் வீட்டிலிருந்தவர்களே எடுத்துக் காட்டினார்கள். அந்தக் கழகத்திலே பெண்பிள்ளைகளும் பயிற்சி பெறுகின்றார்கள். நகர மைதானம் பஸ் நிலையத்துக்கு அருகில் இருக்கின்றது. மாலை ஆறு மணிக்கு ஆட்டம் முடிந்தால், ஆறரைக்கு வெளிச்சத்திலே பஸ் ஏறலாம். தோட்டத்து நிலத்துக்குப் போனால், பனி இறங்கிய இருட்டிலே தேயிலைச் செடிகளுக்கு நடுவே 3 மைல் நடக்கவேண்டும். எந்தத் தகப்பன் அனுப்புவான்? பையன்கள் மட்டும் மிஞ்சுவார்கள். சொந்த வேலி கட்டும்போது யார் வெளியே நிற்கின்றார்கள் என்று பார்க்கத் தவறிவிடுகின்றோம்.

இரண்டு வாரம் கழித்து அவர்கள் வந்தபோது, போகவேண்டாம் என்று சொன்னேன். நால்வரில் இளையவன் ஒப்புக்கொள்ளவில்லை. “சேர், அப்படியென்றால் இந்தக் குழிகளுக்குள்ளேயே கிடந்து சாகச் சொல்கின்றீர்களா?” என்றான். நியாயமான கேள்வி. குழியிலே கால் முறிந்தவன் அவனுடைய அண்ணன். அவனுக்கு நான் சரித்திரம் சொல்லிப் பயனில்லை. ஆதலால் அன்றிரவே உட்கார்ந்து உள்ளூராட்சி மன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். மைதானத்தைப் பாவிப்போர் அனைவரும் சேர்ந்து ஆண்டுக்கு ஒருமுறை அட்டவணை வகுத்து, அதனை வாயிலிலே எழுதி ஒட்டவேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை உதைபந்தாட்டத்துக்கு முதலிடம். தையிலிருந்து பங்குனி வரை கிரிக்கட்டுக்கு முதலிடம். உதைபந்தாட்டக் காலத்திற் சீமெந்துத் தளத்தின்மேல் இறப்பர் விரிப்போ மண்ணோ இட்டு மூடவேண்டும். களியாட்டக்காரரிடம் முன்கூட்டியே பிணைப்பணம் வாங்கி, குழி மூடி ஆணி பொறுக்கியபின்பே அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். மேற்பக்கக் கானைத் துப்புரவு செய்யவேண்டும். அதற்குக் கழகம் ஆள் தரும்.

கிரிக்கட்காரரிடமும் கையொப்பம் வாங்கி வாருங்கள் என்று சொன்னபோது நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். மறுநாள் மூத்தவன் மட்டும் தனியே போயிருக்கின்றான். தளத்தை மூடுகின்ற விடயத்திலே சிறிது வாக்குவாதம் நடந்ததாம். விரிப்பென்றாற் சம்மதம், மண்ணென்றால் இல்லை என்றார்களாம். கடிதத்திலே “மண்ணோ” என்ற சொல்லை அடித்துவிட்டுக் கையொப்பம் வாங்கி வந்தான்.

கடிதம் மன்றத்துக்குப் போயிருக்கின்றது. தோட்டத்து நிலத்தையும் அவர்கள் முற்றாக மறந்துவிடவில்லை. மேட்டிலுள்ள மட்டமான துண்டொன்று அந்தத் தோட்டத்துச் சிறுவர்கள் மாலையில் ஓடி விளையாடப் போதும் என்கின்றார்கள். சரிவை வெட்டப் போவதில்லை. அதற்கும் கம்பனிக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, பதிலை எதிர்பார்த்திருக்கின்றார்கள்.